காலி ராடு

காலையில் ஜிம்முக்குப் போய் வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் காபி டம்ளரை எடுக்கிறேன். அப்படியும் டம்ளர் மூக்குக்கு நேரே வரும்போது காபி மணத்துக்கு முன்னால் இரும்பு வாடை வந்து நிற்கிறது. இரும்புக்கென்று தனி வாடை கிடையாதாம். நம் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை இரும்பில் பட்டுச் சிதையும்போது கிளம்புவதைத்தான் அப்படிச் சொல்கிறோம் என்று எங்கோ படித்தேன். அறுபதைத் தாண்டிய என் கையில் இப்போது வரும் இதே வாடை, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரே ஒருவர் கையில்தான் இருந்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து களி உருண்டையை முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பில் தோய்த்து விழுங்கும்போது குழம்பு வாசனையையும் மீறி அது வரும். "கைய நல்லா கழுவுடா" என்று அம்மா அதட்டுவாள். "கழுவிட்டேம்மா" என்பார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரி எங்கள் ஊர். இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸும் கடைகளுமாக நகரத்தோடு ஒன்றாகிவிட்டது. அன்றைக்கு அது தனி ஊர். பையன்கள் சாயந்திரமானால் வெயிட் தூக்கப் போவது எங்கள் பக்கத்தில் கில்லி விளையாடப் போவதைப் போலச் சாதாரணம். ஒரு தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் திறந்து கிடக்கும். ஜிம் என்ற பெயரெல்லாம் அதற்குக் கிடையாது, 'கொட்டா' என்போம். மண் தரை. வெயிட் விழும் இடத்தில் மட்டும் பழைய லாரி டயரை வெட்டிப் பரப்பியிருந்தார்கள். சுவரில் ஆஞ்சநேயர் படம், அதன் கீழே ஊதுபத்திச் சாம்பல். வாங்கிய பிளேட்டுகள் கொஞ்சம்தான். அவற்றில் சிலவற்றில் பவுண்டுக் கணக்கு அச்சடித்திருக்கும். மற்றதெல்லாம் கைவேலை. மாவு மில்லில் கழித்துக்கட்டிய பல்சக்கரம், பெயிண்ட் டப்பாவில் சிமெண்டு ஊற்றி நடுவில் குழாய் சொருகிய டம்பெல்ஸ், இப்படி.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தூக்குச்சட்டியில் கேழ்வரகுக் கூழும் இரண்டு வெங்காயமும் எடுத்துக்கொண்டு அண்ணனுக்குக் கொடுக்கப் போவது என் வேலை. கொட்டா ஓரத்தில் கிடந்த கல்லோடு என் எல்லை முடிந்தது. அதைத் தாண்டக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு உள்ளே என்ன வேலை என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி, எனக்கும் தெரியும். கல்லில் உட்கார்ந்து பார்ப்பேன்.

அங்கே பார்த்ததில் எனக்கு அப்போது சிரிப்பாக வந்த ஒன்று உண்டு. புதிதாகச் சேரும் பையனுக்கு மாஸ்டர் இரும்பைத் தரமாட்டார். ஒரு மூங்கில் கொம்பைக் கொடுப்பார். அதைத் தோளில் வைத்து உட்கார வேண்டும், எழ வேண்டும், தலைக்கு மேல் தூக்க வேண்டும், மறுபடி இறக்க வேண்டும். பக்கத்தில் ஆளாளுக்குத் தம் கட்டி வெயிட் போட்டுக்கொண்டிருக்க, இந்தப் பையன் துணி காயப்போடும் கொம்பைப் பிடித்துக்கொண்டு வெட்கத்தில் நெளிவான். மாஸ்டர் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். ஒல்லியான மனிதர், பார்த்தால் வெயிட் சொல்லிக் கொடுப்பவர் என்று யாரும் நம்பமாட்டார்கள். அவர் கொம்பைப் பிடித்த பையனைத்தான் அதிக நேரம் பார்ப்பார். குதிகால் தரையை விட்டு எழும்பினால் சுள்ளென்று ஒரு வார்த்தை வரும். பலநாள் கழித்து ஒரு சாயந்திரம் கொம்பை வாங்கி ஓரமாகச் சாய்த்துவிட்டுக் காலி ராடைக் காட்டுவார். பிளேட் எதுவும் போடாத வெறும் கம்பி. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இன்னொன்று அந்தச் சுவர். கரித்துண்டால் பெயர்களும் எதிரே எடையும் எழுதியிருக்கும். ஒருவன் முன்பு தூக்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிவிட்டால் மாஸ்டர் கட்டைவிரலால் பழைய எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதுவார். அந்தக் கொஞ்சம் என்பது பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றாக உள்ளங்கை அகலச் சின்ன பிளேட்தான். அதற்குப் போய் இத்தனை கொண்டாட்டமா என்று எனக்குத் தோன்றும். அழித்து அழித்து எழுதியதில் எண் இருந்த இடமெல்லாம் சுவர் சாம்பல் நிறமாகிப் பெயர்கள் மட்டும் பளிச்சென்று தெரியும். அண்ணன் ராத்திரி படுக்கப்போகுமுன் அந்த எண்ணை ஆயாவிடம் சொல்வார். "அதாலே எத்தினி படி நெல்லு கெடைக்கும்டா?" என்று ஆயா கேட்பாள்.

ஆயா கேட்டதில் நியாயம் இருந்தது. வேலூரைப் பற்றி ஊரில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று அது நீளும். பெண்களைப் பற்றியும் அதில் ஒரு அயிட்டம் வரும், அதை நான் சொல்வதாக இல்லை. தண்ணி இல்லாத ஆறு எங்கள் பாலாறுதான். கோடையில் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பி, இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாக ஆயாவும் அம்மாவும் நடந்து வருவார்கள். பித்தளைக் குடம் தண்ணீரோடு பதினைந்து கிலோவுக்குக் குறையாது. பிளாஸ்டிக் குடம் வந்த பிறகு குடத்தின் கனம் குறைந்தது, தண்ணீரின் கனம் அப்படியேதான். அம்மியும் ஆட்டுக்கல்லும் உலக்கையும் வேறு. அந்த எடையெல்லாம் எந்தச் சுவரிலும் ஏறவில்லை.

இதைச் சொன்னால் உடனே, அந்தக் காலத்துப் பெண்களுக்கு ஜிம் தேவைப்படவில்லை, உழைப்பே உடற்பயிற்சி என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு முறையாவது எனக்கு அது வருகிறது, அம்மி அரைக்கும் பெண்ணின் ஓவியத்தோடு. எழுதுகிறவர்கள் என் ஆயாவைப் பார்த்ததில்லை. எழுபதுக்குள் அவள் முதுகு வளைந்து போயிற்று. நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது. காய்ச்சல் என்றாலும் குடத்தின் கனம் ஒரு ஆழாக்குக் குறைந்ததில்லை, பிள்ளை பெற்ற மாதத்திலும் குறைந்ததில்லை. கொட்டாவில் அண்ணனுக்குத் தோள் வலித்தால் மாஸ்டர் பிளேட்டைக் கழற்றிவிடுவார். தூக்குகிறவர் நிலைமையைப் பார்த்து எடையைக் கூட்டிக் குறைக்க ஒரு ஆள் இருந்தார் என்பதுதான் இரண்டு வேலைக்கும் நடுவே இருந்த வித்தியாசம். ஆயாவுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை.

அண்ணன் மாவட்ட அளவில் சில சான்றிதழ்கள் வாங்கினார். அந்தத் தயவில் ரயில்வேயில் வேலை கிடைத்து ஜோலார்பேட்டைக்குப் போனார். ஆயா கேட்ட நெல்லும் அதில் வந்துவிட்டது. நான் படித்து ஒரு கல்லூரி நூலகத்தில் சேர்ந்தேன். பிறகு கல்யாணம், குழந்தைகள், நாற்காலி. நாற்காலியைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் படித்து, தரையில் பாய் விரித்துப் படுத்தவர்கள். எப்போது டைனிங் டேபிள் வந்தது, எப்போது கட்டில் வந்தது, எப்போது வெஸ்டர்ன் டாய்லெட் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக வந்து, தரைக்கும் எனக்கும் இருந்த சம்பந்தத்தை அறுத்துவிட்டன. கல்யாணப் பந்தியில்கூட இலைக்கு முன்னால் நாற்காலிதான்.

இடையில் 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக்ஸ். பெண்களுக்குப் பளுதூக்கும் போட்டியை ஒலிம்பிக்கில் முதல் முறையாக வைத்தது அந்த வருஷம்தான். 69 கிலோ பிரிவில் கர்ணம் மல்லேஸ்வரி ஸ்னாட்சில் 110, கிளீன் அண்டு ஜெர்க்கில் 130, மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். அண்ணன் அன்றைக்கு ராத்திரி எஸ்டிடி பூத்திலிருந்து போன் செய்தார். "பாப்பா, நம்ம கொட்டாவுல ஒருத்தனும் நூத்தி முப்பத தொட்டதில்ல" என்றார். குரலில் பெருமையா அதிர்ச்சியா என்று பிரித்தெடுக்க முடியவில்லை. நான் மறுநாள் நாளிதழில் வந்த படத்தை வெட்டி நூலக அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தேன். அது வெளுத்துப் போகும்வரை அங்கேயே இருந்தது. கொட்டா ஓரத்துக் கல்லைத் தாண்டி ஒரு பெண் உள்ளே போய்விட்டாள் என்று அப்போது தோன்றியது. நானும் போகலாம் என்று ஏனோ தோன்றவில்லை. 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் எங்கள் சத்துவாச்சாரிப் பையன் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியபோது அண்ணன் தீபாவளிக்கு வாங்குவதைவிட அதிகமாக வெடி வாங்கினார். நானும் கம்பி மத்தாப்பு பிடித்தேன். கைதட்டுகிற கூட்டத்தில் எனக்கு எப்போதும் இடம் இருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு பிரதோஷத்தன்று கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தேன். சாமி இல்லாத கோயில் என்று கேலி செய்தது இதைத்தான். நெடுங்காலம் வழிபாடு இல்லாமல் கிடந்து, 1981-ல்தான் லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதுவரை அந்த லிங்கம் இருந்தது எங்கள் சத்துவாச்சாரியில். அதனால் அங்கே போனால் ஊர்க்காரரைப் பார்க்கப் போகிற உரிமை எனக்கு உண்டு. பிரகாரத்தில் தூணோரம் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தெரியும், எழ முடியவில்லை. ஒரு கையை ஊன்றிப் பார்த்தேன், இரண்டு கையையும் ஊன்றிப் பார்த்தேன், தூணைப் பிடித்துப் பார்த்தேன். தூணில் செதுக்கிய யாளிக்கு என்னைத் தூக்கிவிடும் உத்தேசம் இல்லை. கடைசியில் இரண்டு பெண்கள் வந்து ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்து, "மெதுவா பாட்டி, மெதுவா" என்று நிறுத்தினார்கள். அவர்களில் ஒருத்திக்கு என் வயதே இருக்கும்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தேய்மானம் கொஞ்சம்தான், தொடையில் சதையே இல்லை என்றார். முப்பது வயதுக்கு மேல் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் உடம்பின் தசையில் மூன்று முதல் எட்டு விழுக்காடு கரையும், அறுபதுக்கு மேல் அது இன்னும் வேகம் பிடிக்கும் என்று விளக்கினார். நடந்தால் மட்டும் போதாது, வெயிட் தூக்குங்கள் என்று முடித்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது ஜிம். பத்து மணிக்கு மேல் பெண்களுக்கு. முதல் நாள் அந்த மாடிப்படியையே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். செருப்பைத் தவிர வேறெதையும் காலில் மாட்டிப் பழகாதவள், பேத்தி வாங்கிக் கொடுத்த ஷூவின் லேஸ் ஒரு பக்கம் அவிழ்ந்து கிடந்தது. சுடிதார் துப்பட்டாவைத் தோளில் பின் குத்தியிருந்தேன். உள்ளே நாலு பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்த பெண்களில் பாதிப் பேர் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், மீதிப் பேர் குழந்தை பெற்ற பிறகு உடம்பைக் குறைக்க வந்தவர்கள். சொல்லிக் கொடுக்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். "இன்னாம்மா செய்யணும் உங்களுக்கு?" என்றாள். எடை குறைக்கணுமா, சுகர் குறைக்கணுமா என்ற அர்த்தத்தில் கேட்டிருப்பாள். "தரையில உட்காந்தா எழுந்திருக்கணும்" என்றேன். அவள் அதை ஒரு நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஏரோபிக்ஸுக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கிட்டத்தட்ட நாற்காலி உயரத்துக்குக் கொண்டுவந்தாள். அதில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழ வேண்டும். அவ்வளவுதான் முதல் பாடம். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து, மறுபடி பத்து. சில வாரம் கழித்து அடுக்கிலிருந்து ஒரு பலகையை உருவினாள். நாலு விரல் உயரம்கூட இருக்காது. தொடை நடுங்கியது. அது பழகியதும் இன்னொன்றை உருவினாள். மற்ற பெண்கள் பெரிய பெரிய கருவியில் தடதடத்துக்கொண்டிருக்க, நான் மூலையில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன். கொம்பு பிடித்த பையன்களின் நெளிவு என்ன என்பது அப்போதுதான் உடம்பில் ஏறியது. கூடவே இன்னொன்றும் கையில் கொடுத்தாள், பிளம்பர் வேலைக்கு வாங்குகிற வெள்ளைப் பிவிசி பைப். தோளில் வைத்து, முதுகை வளைக்காமல் குனிந்து நிமிர. நான் வாய்விட்டுச் சிரித்ததற்குக் காரணம் அவளுக்குப் புரியவில்லை. எங்கள் மாஸ்டர் கதையைச் சொன்னேன். "அப்பவே இந்த மெத்தட் இருக்குதாம்மா?" என்றாள் மரியாதையோடு.

பத்துப் பத்தாக மூன்று முறை என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். நூலகத்தில் முப்பது ஆண்டு இருந்தவளுக்கு இந்த அரிப்பு போகாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ மருத்துவமனைகள் முழங்கால் அடிபட்ட சிப்பாய்களால் நிரம்பிக் கிடந்தன. சிகாகோவில் இருந்த தாமஸ் டிலார்ம் என்ற டாக்டர், அதுவரை வழக்கமாக இருந்த லேசான பயிற்சிகளை விட்டுவிட்டு, காலில் இரும்புச் செருப்பு மாட்டி அதில் எடை சேர்த்துச் சிப்பாய்களைத் தூக்கச் சொன்னார். அவரே சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து, எடை தூக்கி உடம்பைத் தேற்றிக்கொண்டவர். 1945-ல் அதை எழுதி வெளியிட்டார். பிறகு அந்த முறையைச் சுருக்கினார். பத்து முறை தூக்க முடிகிற எடை எதுவோ அதில் பாதியோடு முதல் பத்து, முக்காலோடு இரண்டாம் பத்து, முழுசோடு மூன்றாம் பத்து. பலம் கூடக் கூட எடையும் கூடும். நடக்க முடியாமல் படுத்திருந்தவர்களுக்காக வந்த கணக்கு அது என்று தெரிந்த பிறகு, மூலையில் பலகை மேல் உட்கார்ந்து எழுவதில் எனக்கு வெட்கம் போய்விட்டது.

எங்கள் நூலகத்தில் பி.எட். மாணவர்கள் தேய்த்துத் தேய்த்து அட்டை கிழித்துவைக்கும் உளவியல் புத்தகங்களில் ஆல்பர்ட் பண்டுரா பெயர் தவறாமல் வரும். ஒருவருக்குத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து கிடைக்கிறது என்று 1977-ல் எழுதியவர். அவர் பரிசோதித்தது பாம்பென்றால் நடுங்குகிறவர்களை. தைரியம் சொல்லிப் பயனில்லை. முதலில் பாம்பு இருக்கும் அறைக்குள் போவது, பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பது, பிறகு கையுறை போட்டுத் தொடுவது, பிறகு வெறுங்கையால் தொடுவது என்று படிப்படியாக அவர்களே செய்து பார்த்தபோது பயம் விட்டது. ஊக்கப் பேச்சையும் அடுத்தவர் செய்வதைப் பார்ப்பதையும்விடத் தானே செய்து முடித்த காரியத்துக்குத்தான் வலு அதிகம் என்றார். எனக்குப் பிடித்தது அதில் வரும் இன்னொரு சங்கதி. பாம்புப் பயம் போனவர்களில் பலருக்குப் பாம்போடு சம்பந்தமே இல்லாத வேறு பயங்களும் குறைந்தனவாம். அந்தப் புத்தகங்களை எத்தனையோ பேருக்கு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன். படித்தபோது பாடமாகத்தான் இருந்தது.

பாம்போடு சம்பந்தமில்லாதவை எனக்கும் ஒவ்வொன்றாக நடந்தன. டவுன் பஸ்ஸின் முதல் படி எப்போதும் ஆள் உயரத்தைக் கேலி செய்கிற உயரம். கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறுவேன், பின்னால் நிற்பவர் "ஏறும்மா, ஏறும்மா" என்பார். ஒருநாள் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கிய பிறகுதான், கம்பியைப் பிடிக்கவே இல்லை என்று நினைவு வந்தது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவது நின்றது. எந்த மாதத்தில் நின்றது என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இப்படி நின்றுபோன காரியங்களைப் பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடிகிறது.

பலகைகள் தீர்ந்து, பைப்பை ஓரமாகச் சாய்த்துவிட்டு, காலி ராடைத் தரையிலிருந்து எடுக்கச் சொன்ன நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஆண்கள் ராடு இருபது கிலோ. போட்டிகளில் பெண்களுக்குப் பதினைந்து கிலோ ராடு உண்டு, எங்கள் ஜிம்மில் அது இல்லை. பெண்கள் ராடு கொஞ்சம் மெல்லிசாகவும் இருக்கும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். குனிந்து பிடித்தேன். சில்லென்று இருந்தது, நடுவில் சொரசொரப்பு. "தம் கட்டாதீங்கம்மா, மேல வரும்போது மூச்ச விடுங்க" என்றாள். விட்டேன். முழங்காலைத் தாண்டி வந்துவிட்டது. எனக்குச் சத்தம் போட வேண்டும் போலிருந்தது, போடவில்லை. போலீஸ் தேர்வுக்குப் போகிற ஒரு பெண் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். அவ்வளவுதான் கொண்டாட்டம். சொல்லிக் கொடுக்கிறவள் நோட்டில் என் பெயருக்கு எதிரே இருபது என்று எழுதினாள். எட்டிப் பார்த்தேன், பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது. அழித்து எழுத முடியாது, கீழே அடுத்த வரிதான் எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்து தண்ணி கேனைப் பார்த்தேன். இருபது லிட்டர், அதாவது இருபது கிலோவும் கேனின் எடையும். கேன் போடுகிற தம்பியிடம், "கவுத்துட்டுப் போப்பா" என்று ஒவ்வொரு முறையும் கேட்டு, அவசரத்தில் இருக்கும் அவன் முகம் சுருங்குவதைப் பார்த்து, சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தவள். ஸ்டூல் உயரத்துக்குத் தூக்குவதும் தரையிலிருந்து எடுப்பதும் ஒன்றல்ல என்பதால் உடனே கை வைக்கவில்லை. ராடின் இரண்டு பக்கமும் சின்ன பிளேட்டுகள் ஏறிய பிறகுதான் ஒருநாள் மூடியைத் துடைத்து, இடுப்போடு அணைத்து, தூக்கிக் கவிழ்த்தேன். குபுகுபுவென்று இறங்கியது. அதற்கடுத்த முறை தம்பி வந்து வழக்கம்போல உள்ளே வரப் பார்த்தான். "அங்கயே வச்சிட்டுப் போப்பா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் நின்று, கோபமா என்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனான்.

கேஸ் சிலிண்டரைக் கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பதை ஒட்டி வரும். அந்த எடையை ராடில் தாண்டிவிட்டேன். ஆனாலும் சிலிண்டரை உருட்டித்தான் கொண்டுபோகிறேன். அதை எல்லாரும் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மகளுக்கு ஒரு கவலை இருந்தது. வயதான காலத்தில் ஏதாவது பிசகிவிட்டால் என்று போனில் ஆரம்பிப்பாள். இடுப்பில் பிள்ளையையும் கையில் மளிகைப் பையையும் வைத்துக்கொண்டு அவள் மூன்று மாடி ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு யாரும் போன் செய்து கவலைப்பட்டதில்லை. பெண்கள் கனத்தைத் தூக்குவதில் வீட்டில் ஒருவருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை. எவ்வளவு தூக்கினோம் என்று எழுதி வைத்துக்கொண்டால்தான் விசித்திரமாகப் பார்க்கிறார்கள்.

போன மார்கழியில் அண்ணன் வந்திருந்தார். இரண்டு முழங்காலிலும் வலி, கைத்தடி, பிபி மாத்திரை டப்பா. கொட்டாவில் தொடையைத் தட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்த கண்ணுக்கு அது பொறுக்காது. ஜிம்மைப் பார்க்க வேண்டும் என்று அவராகத்தான் சொன்னார். மாடிப்படியில் நான் முன்னால் போய், மேலே நின்று காத்திருந்தேன். பெண்கள் வரும் நேரத்துக்கு முன்பே வந்து பார்க்க ஓனரிடம் சொல்லி ஏற்பாடு செய்திருந்தேன். அண்ணன் உள்ளே வந்ததும் கண்ணாடியைப் பார்க்கவில்லை, ஏசியைப் பார்க்கவில்லை, நேராகப் போய்ப் பிளேட்டைத் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் கிலோதானா?" என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து நான் தூக்குவதைப் பார்த்தார். பேசவில்லை. மூன்றாவது முறை, "குதிகால் கெளம்புது பாரு" என்றார். மாஸ்டர் குரல் அப்படியே. சொல்லிக் கொடுக்கிற பெண், "ஆமாம்மா, ஐயா சொல்றது கரெக்ட்டு" என்று அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். சின்ன பிளேட் எங்கே என்று கேட்டு, ஒன்றேகால் கிலோ பிளேட் இரண்டை எடுத்துத் தடியை ஊன்றி ஊன்றி நடந்து ராடின் இரண்டு முனையிலும் அவரே மாட்டினார். எடுத்தேன். வந்தது.

கிளம்பும்போது ஓனர் மேசைக்கு முன்னால் நின்று, மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள், சீனியர் சிட்டிசனுக்குத் தனிக் கழிவு உண்டா, ரயில்வேக்காரருக்கு ஏதாவது உண்டா என்று அரைமணி நேரம் பேரம் பேசினார். கடைசியில் பொங்கல்வரை எங்கள் வீட்டில் தங்குவதென்றும் அதுவரை வருவதென்றும் முடிவாயிற்று. மறுநாள் காலை அவருக்கு நாற்காலி உயரத்துக்குப் பலகைகளை அடுக்கி, கையில் அந்த வெள்ளைப் பைப்பையும் கொடுத்தாள் அந்தப் பெண்.

"எனக்கேவா?" என்றார் அண்ணன்.

"எல்லாருக்கும் இதான் ஐயா ஃபர்ஸ்ட்டு."

பைப்பை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். மூங்கிலாவது கொஞ்சம் கனமாக இருக்கும் என்று முனகினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ எத்தினி நாளு இத்தப் புடிச்சிகினு இருந்த?" என்று கேட்டார்.

"அதெல்லாம் கேக்காதண்ணா. புடி."